இரவில் இரண்டு தூக்கம் தூங்கினார்களா நம் முன்னோர்?

06.01.2019, காலை 7.15

வாசகர் ஒருவர் கேட்டிருப்பது: "மின்விளக்கு வருவதற்கு முன்பு மனிதர்கள் இரவில் இரண்டு தவணையாகத் தூங்கினார்கள் என்று படித்தேன். முன்னிரவில் ஒரு தூக்கம், நடுவில் ஓரிரு மணிநேர விழிப்பு, பின்னிரவில் இன்னொரு தூக்கம், இதுவே இயற்கை என்கிறார்கள். நம் முன்னோரும் அப்படித்தான் தூங்கினார்களா? எனக்கும் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மருத்துவரிடம் போவதா, முன்னோர் வழி என்று விட்டுவிடுவதா?"

06.01.2019, இரவு 9.40

மருத்துவரிடம் போவது உங்கள் விருப்பம். முன்னோரைப் பற்றிய பாதிக்கு மட்டும் எழுதுகிறேன்.

இந்தக் கருத்தைப் பரவலாக்கியவர் ரோஜர் எகிர்ச் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர். 2001இல் வெளிவந்த அவருடைய நீண்ட கட்டுரையும் 2005இல் வந்த நூலும் பழைய நீதிமன்ற வாக்குமூலங்கள், நாட்குறிப்புகள், மருத்துவ நூல்கள் ஆகியவற்றிலிருந்து 'முதல் தூக்கம்', 'இரண்டாம் தூக்கம்' என்னும் சொற்களைத் திரட்டிக் காட்டின. சாட்சி சொல்ல வந்தவர்கள் "என் முதல் தூக்கம் முடிந்தபோது சத்தம் கேட்டது" என்பதுபோல, யாருக்கும் விளக்கத் தேவையில்லாத பேச்சாக அதைச் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய வலுவான சான்று. அதற்கு முன்பே, 1990களின் தொடக்கத்தில், தாமஸ் வெர் என்னும் உளமருத்துவர் சிலரை ஒரு மாத காலம் நாள்தோறும் பதினான்கு மணிநேரம் இருட்டில் வைத்துப் பார்த்தார். அவர்களுடைய தூக்கம் நாளடைவில் இரண்டாகப் பிரிந்து, நடுவே அமைதியான ஒரு விழிப்பு தோன்றியது. ஆகவே இது வெறும் கட்டுக்கதை அன்று.

இதை முதலில் படித்தபோது நான் மகிழ்ந்துபோனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நூற்பாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் சுற்று முறையில் இரவு ஷிப்ட் பார்த்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் இரண்டு இருபதுக்கு யாரோ தோளைத் தட்டியதுபோல விழிப்பு வந்துவிடும். என் மனைவியிடம், "இது நோயில்லை, ஐரோப்பாவில் எல்லோரும் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள்" என்றேன். "அப்படியானால் அங்கேயே போய் விழித்துக்கொண்டிருங்கள், இங்கே விளக்கைப் போடாதீர்கள்" என்றாள்.

06.01.2019, இரவு 10.25

முந்தைய குறிப்பில் எழுதாமல் விட்ட ஒன்று. எகிர்ச்சின் சான்றுகளில் பெரும்பகுதி மேற்கு ஐரோப்பாவைச் சேர்ந்தது. இலண்டனில் டிசம்பர் இரவு பதினாறு மணிநேரம் நீள்கிறது. மெழுகுவத்தி விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள், வெளியே குளிர். அவ்வளவு நீண்ட இருட்டை ஒரே தூக்கத்தால் நிரப்ப முடியாது, எனவே அது நடுவில் கிழிகிறது. மதுரையிலோ ஆண்டின் மிக நீண்ட மார்கழி இரவே பன்னிரண்டரை மணிநேரத்தை எட்டுவதில்லை. வெர் கொடுத்த பதினான்கு மணிநேர இருட்டு நம் ஊரில் எந்த மாதத்திலும் கிடையாது. இலண்டன் இரவுக்குத் தைத்த சட்டையை நம் இரவுக்கு மாட்டுவதற்கு முன் அளவு பார்க்க வேண்டாமா?

09.01.2019, இரவு 8.50

மூன்று நாளாகச் சங்கப் பாடல்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குறுந்தொகையின் ஆறாம் பாட்டை எல்லோரும் அறிவார்கள்: "நள்ளென் றன்றே யாமம்; சொல்லவிந்து இனிதடங் கினரே மாக்கள்." உலகமே தூங்குகிறது, நான் ஒருத்திதான் தூங்கவில்லை என்று அந்தப் பெண் முடிக்கிறாள். நடு இரவில் ஊரார் எழுந்து உட்கார்ந்து பேசுவது வழக்கமாக இருந்திருந்தால் அவளுடைய தனிமைக்கு இடமே இல்லை. இருபத்தெட்டாம் பாட்டில் ஔவையார் இன்னும் கோபமாக, என் நோயை அறியாமல் தூங்கும் இந்த ஊரை முட்டுவேனா, தாக்குவேனா என்கிறார். குறட்டை விடுகிறவர் பக்கத்தில் விழித்துக் கிடந்தவர்களுக்கு இந்தப் பாட்டுக்கு உரை தேவையில்லை.

காதல் பாட்டை வைத்துத் தூக்கத்தைக் கணக்கெடுக்க முடியாது என்று ஒருவர் சொல்லலாம், அது நியாயந்தான். மதுரைக்காஞ்சியைப் பாருங்கள். அது மதுரை நகரத்து இரவை யாமம் யாமமாகப் பிரித்துக் காட்டுகிறது. முதல் யாமம் கழிந்ததும் கடைகள் அடைபடுகின்றன, பணியாரம் விற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்கிறார்கள். நடு யாமத்தில் விழித்திருப்பவர்கள் இரண்டே வகையினர். நூலேணியோடு வரும் கள்வர் ஒருவகை, தேரோடும் தெருவில் மழைநீர் ஓடினாலும் சுற்றிவரும் காவலர் மற்றொரு வகை. பேய்களும் உலவுகின்றன, அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. முல்லைப்பாட்டின் பாசறையில் நீர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்பவர்கள் விழித்திருக்கிறார்கள், நெடுநல்வாடையில் நள்ளென்ற யாமத்திலும் படுக்காமல் புண்பட்ட வீரர்களைப் பார்க்கப் போகும் அரசன் விழித்திருக்கிறான். எல்லோருக்கும் விழித்திருக்க ஒரு காரணம் இருக்கிறது. தூக்கம் தானாக இரண்டாகப் பிரிந்து எழுந்தவர் என்று ஒருவரையும் நான் காணவில்லை.

யாமம் என்பது ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணிநேரம். இரவுக்கு நான்கு யாமம்.

10.01.2019, காலை 6.05

நேற்று இரவு எழுதிய கடைசி வரியைத் திருத்த வேண்டும். மூன்று மணிநேரக் கணக்கு 'சாமம்' என்று நாம் பேச்சில் சொல்லும் கணக்கு. காதல் பாட்டுக்கான அகப்பொருள் இலக்கணத்தில் யாமம், ஒரு நாளைப் பிரிக்கும் ஆறு சிறுபொழுதுகளுள் ஒன்று. அந்தக் கணக்கில் சிறுபொழுது ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை, நாழிகைக்கு இருபத்து நான்கு நிமிடம், ஆக நான்கு மணிநேரம். மாலை, யாமம், வைகறை என்று இரவு மூன்றாகப் பிரியும்; யாமம் இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை. இரண்டு கணக்கையும் கலந்து எழுதியது என் பிழை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கணக்கின்படி இரண்டு மணிக்கு விழிப்பவர் நடு இரவில் விழிக்கவில்லை, வைகறையின் வாசலில் விழிக்கிறார். என் மனைவியிடம் இதைச் சொல்லவில்லை.

13.01.2019, மாலை 5.30

வைகறை என்று எழுதியதும் தாத்தாவின் நினைவு வந்தது. எங்கள் ஊர்க் கிணற்றில் நான்கு குடும்பங்களுக்குப் பங்கு. தண்ணீர் முறை வைத்து வரும், முறை இரவில் வந்தால் இரவில்தான் இறைக்க வேண்டும். கமலை இழுக்கும் மாடுகளுக்கு வெயில் ஆகாது என்பதால், பகல் முறைக்காரர்கள்கூட விடியலுக்கு வெகுமுன்பே கமலையைக் கட்டிவிடுவார்கள். தாத்தாவிடம் கடிகாரம் இல்லை. தை மாதத்தில் அறுமீன் கூட்டம், அதாவது கார்த்திகை நட்சத்திரம், மேற்கே அடைவதைப் பார்த்து எழுந்து போவார், அது ஏறத்தாழ இரண்டு மணிக்குத்தான் அடையும். தோல் சாலில் தண்ணீர் ஏறி வாய்க்காலில் விழும் ஓசையும் கமலைப் பாட்டும் கேட்டுக்கொண்டே நாங்கள் புரண்டு படுப்போம். விடிந்து வெயில் ஏறியதும் அவர் வந்து திண்ணையில் சாய்ந்து ஒரு தூக்கம் போடுவார்.

வெளியிலிருந்து பார்க்கிறவர் இதையும் இரண்டு தூக்கம் என்று எழுதிவிடலாம். தாத்தாவிடம் கேட்டிருந்தால் ஒரு தூக்கமும் ஒழுங்காக இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

13.01.2019, இரவு 10.10

ஆக நான் சொல்ல வருவது இதுதான். நம் பக்கத்தில் இரவை உடைத்தவை தண்ணீர், காவல், கோயில், கைக்குழந்தை. உடம்பு தானாக உடைத்துக்கொண்டதற்கு எனக்குச் சான்று தென்படவில்லை. பொங்கல் முடிந்து வந்து வைத்தியத்தைப் பற்றி எழுதுகிறேன்.

20.01.2019, காலை 11.00

கசகசாப் பால். ஆச்சி செய்ததை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரு தேக்கரண்டிக் கசகசாவை மாலையிலேயே ஊறவைத்துவிடுவாள். ஊறாத கசகசா அம்மியில் அகப்படாது, குழவிக்கு அடியிலிருந்து நழுவி ஓடிவிடும். ஊறியதை இழைத்து இழைத்து, வெண்ணெய்போலத் திரண்டு குழவியில் ஒட்டத் தொடங்கியதும் வழித்து, காய்ச்சிய பசும்பாலில் கரைத்துப் பனங்கற்கண்டு போடுவாள். சாதிக்காய் இருந்தால் கல்லில் இரண்டு இழைப்பு. அதற்கு மேல் இழைத்தால், "மறுநாள் மத்தியானம்தான் எழுந்திருப்பான்" என்பாள். அந்தப் பாலைக் குடித்த இரவுகளில் நான் நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் எனக்கு அப்போது ஒன்பது வயது, பச்சைத்தண்ணீரைக் கொடுத்திருந்தாலும் தூங்கியிருப்பேன்.

இதை ஐயாயிரம் ஆண்டுப் பழமையான தமிழ் மருந்து என்று போற்றுகிறவர்களிடம் ஒரு சொல். 'கசகசா' என்னும் பெயரே பாரசீகத்திலிருந்து வந்தது, அதே செடியில் கிடைக்கும் அபினின் பெயர் அரபியிலிருந்து வந்தது. பெயர் இரவல் என்பதால் மருந்து பொய்யாகிவிடாது, ஆனால் வயதைக் கொஞ்சம் குறைத்துச் சொல்ல வேண்டியிருக்கும். சாதிக்காயின் கதை வேறு. அதுவும் கடல் கடந்து, கிழக்கே பாண்டாத் தீவுகளிலிருந்து வந்ததுதான் என்றாலும், வெற்றிலையோடு சேர்க்கும் ஐந்து முகவாசங்களில் ஒன்றாகச் சிலப்பதிகார உரையிலேயே 'சாதி' என்று இடம்பிடித்திருக்கிறது. அங்கே அது வாய் மணக்க, இங்கே கண் சொருக.

வளைகுடாவில் வேலை பார்க்கும் உறவினருக்கு யாரேனும் மசாலாப் பொட்டலத்தோடு கசகசாவும் கட்டி அனுப்ப நினைத்தால் வேண்டாம். அங்கே பல நாடுகளில் அது தடைசெய்யப்பட்ட பொருள். எங்கள் வீட்டில் பெட்டி கட்டும்போது கடைசி நிமிடத்தில் எடுத்து வெளியே போட்டோம்.

21.01.2019, இரவு 9.15

விதையில் மயக்கம் தரும் பொருள் மிகமிகக் குறைவு, அபின் வருவது காயின் பாலிலிருந்து. இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் வீட்டுக் கசகசாவையும் அபினையும் ஒன்றாக எண்ணிப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். பயப்பட வேண்டியது வேறு இடத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தை அழாமல் கிடக்க 'காட்ஃப்ரே கார்டியல்' என்னும் திரவத்தைக் கொடுத்தார்கள். அது வெல்லப்பாகில் கரைத்த அபின், அதனால் இறந்த குழந்தைகள் பலர். பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் 'பாலகோலி' என்னும் அபின் உருண்டை அதே வேலையைச் செய்தது. இரண்டு இடத்திலும் ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்குக் குழந்தையின் தூக்கத்தைத் திருத்தியிருக்கிறார்கள். ஆலையிலேயே காலம் கழித்தவன் என்பதால் இதைப் படித்த அன்று எனக்கு வேறொன்றும் ஓடவில்லை.

எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு உரைமருந்துதான். வசம்பைச் சுட்டுக் கல்லில் உரைத்து நாக்கில் தடவுவார்கள். அதற்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர். விளக்கு வைத்த பிறகு அதன் பெயரைச் சொல்லக் கூடாது, 'பேர் சொல்லாதது' என்றுதான் கேட்க வேண்டும். குழந்தை தூங்கியது வயிற்று உப்புசம் தணிந்ததால் என்பார்கள்.

10.02.2019, மதியம் 2.40

பகல் தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார் இன்னொருவர். தேரையர் என்னும் சித்தர் பாடலாக வழங்கும் பிணியணுகா விதி "பகற்றுயிலோம்" என்று ஒரே சொல்லில் முடிக்கிறது, இரவில் இடக்கைப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறது. அதே நாட்டில்தான் 'உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு' என்னும் பழமொழியும் வழங்குகிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் மட்டும் ஆச்சி எங்களைக் காவல் காப்பாள், கண் சொருகினால் விசிறிக்காம்பால் ஒரு தட்டு.

இதை எழுதி முடித்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.

24.02.2019, இரவு 9.30

படுக்கையைப் பற்றி இதுவரை எழுதவில்லை. நெடுநல்வாடையில் வரும் அரசியின் கட்டில் நாற்பது வயது யானையின் தந்தத்தால் இழைத்தது, மெத்தையில் அன்னத்தின் தூவி. திருப்பாவையில் கோட்டுக்கால் கட்டிலும் பஞ்ச சயனமும் வருகின்றன. அவ்வளவு மெத்தையிலும் நெடுநல்வாடை அரசிக்குத் தூக்கம் வரவில்லை என்பதுதான் அந்தப் பாட்டின் செய்தி. மாறாக, நன்றாகத் தூங்கியவர் மோசிகீரனார் என்னும் புலவர். புறநானூறு ஐம்பதாம் பாட்டில், களைத்து வந்தவர் எண்ணெய் நுரையை முகந்து வைத்ததுபோன்ற மெல்லிய பூஞ்சேக்கையைக் கண்டு ஏறிப் படுத்துவிடுகிறார். அது முரசு வைக்கும் கட்டில், ஏறியவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. சேரமான் வாளை ஓங்காமல் பக்கத்தில் நின்று விசிறியிருக்கிறான். தமிழ் இலக்கியத்தின் மிகச் சிறந்த தூக்கம் எதுவென்றால் இதைத்தான் சொல்வேன்.

நமக்கெல்லாம் கோரைப்பாய். எங்கள் பக்கத்தில் பத்தமடைப் பாய்க்குப் பெயர் உண்டு. தாமிரபரணிக் கரைக் கோரையை நீரில் ஊறப்போட்டு, இழையாகக் கிழித்து, பருத்தி நூற்பாவில் கோத்து நெய்வார்கள், நயமான பாய் பட்டுபோல மடியும். நாங்கள் படுத்தது அதுவன்று, முரட்டுப் பாய். காலையில் எழுந்தால் கன்னத்தில் கோரையின் வரிகள் அச்சு விழுந்திருக்கும், பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை மறையாது. வாங்கிய புதிதில் பச்சைப்புல் வாசம் அடிக்கும். கோடையில் அதில் படுத்தால் முதுகுக்கு அடியில் காற்று ஓடும், இலவம்பஞ்சு மெத்தையில் அது நடக்காது. தாத்தாவுக்குத் தலையணையும் கிடையாது, உட்காரும் மணையைக் கவிழ்த்துத் தலைக்கு வைத்துக்கொள்வார்.

மகன் வாங்கித் தந்த விலையுயர்ந்த மெத்தையில்தான் நான் இப்போது இரண்டு இருபதுக்கு விழிக்கிறேன்.

10.03.2019, காலை 8.20

'தூக்கம்' என்னும் சொல்லே பழைய நூல்களில் வேறு பொருளில் நிற்கிறது. "தூங்குக தூங்கிச் செயற்பால" என்னும் குறளில் வள்ளுவர் தூங்கச் சொல்லவில்லை, காலம் தாழ்த்தச் சொல்கிறார். தூங்குதல் என்றால் தொங்குதல், அசைதல், தாமதித்தல். கண்மூடுவதற்குத் துயிலுதல், உறங்குதல், கண்படுதல், துஞ்சுதல் என்று வேறு சொற்கள் இருந்தன. இவற்றில் துஞ்சுதலுக்குச் சாவு என்றும் பொருள். கொப்பத்துப் போரில் 1054இல் இறந்த முதலாம் இராசாதிராசனுக்கு 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று பெயர் நிலைத்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் அவன் யானைமேல் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். நானே பள்ளி நாளில் அப்படித்தான் எழுதி ஆசிரியரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

10.03.2019, காலை 8.45

வடக்கே தலை வைப்பதைப் பற்றி நால்வர் கேட்டுவிட்டார்கள். ஆசாரக்கோவை என்னும் பழைய நீதிநூல் அதைச் சொல்கிறது: கைகூப்பித் தெய்வத்தைத் தொழுது, வடக்கிலும் கோணத்திசையிலும் தலை வைக்காமல், போர்வையால் உடம்பைப் போர்த்திப் படுக்க வேண்டும். புவியின் காந்தத்தைக் கண்டுபிடித்துத்தான் முன்னோர் இப்படி எழுதினார்கள் என்பது பிற்காலத்தார் ஒட்டவைத்தது. செய்யுளில் காந்தம் இல்லை, ஒழுக்கம் இருக்கிறது. என் அறையில் மின்விசிறி இருக்கும் இடத்தை வைத்துத்தான் என் தலை திசை தீர்மானமாகிறது.

07.04.2019, இரவு 10.50

முன்பு எழுதியதை இப்போது படித்தபோது, கோயில் இரவை உடைத்தது என்று சொல்லிவிட்டு விளக்காமல் போயிருப்பது தெரிந்தது. இரவின் கடைசிப் பூசைக்கு அர்த்தசாமப் பூசை என்று பெயர். பெயரின் பொருள் நடு இரவு, ஆனால் இன்று பெரும்பாலான கோயில்களில் ஒன்பது, பத்து மணிக்குள் முடிந்துவிடுகிறது. மதுரையில் சுந்தரேசுவரரின் திருவடிகளைப் பல்லக்கில் ஏற்றி அம்மன் சன்னிதிப் பள்ளியறைக்குக் கொண்டுசெல்வார்கள், பால் படைப்பார்கள், கதவைச் சாத்துவார்கள். விடியலில் திருப்பள்ளியெழுச்சி. நான் அங்கே ஒருமுறை கூட்டத்தில் நின்று பார்த்தபோது, சாமிக்குக்கூட ஒரே தூக்கம்தான் என்று தோன்றியது. நடுவில் யாரும் எழுப்பவில்லை.

மன்னர்களைப் பாடுவதிலும் இப்படி இரண்டு துறைகள், அதாவது பாட்டு வகைகள், உண்டு. தொல்காப்பியத்தில், புகழ்ந்து பாடும் பாடாண் திணையில், படுக்கச் சொல்லும் கண்படை நிலையும் துயில் எழுப்பும் துயிலெடை நிலையும் வருகின்றன. அரசர் அவையில் நெடுநேரம் உட்கார்ந்துவிட்டால் மருத்துவரும் அமைச்சரும் அவரைத் தூங்கச் சொல்வது கண்படை நிலை என்று நச்சினார்க்கினியர் விளக்குகிறார். இரவில் கைப்பேசியைப் பிடுங்கி வைக்கும் மனைவிக்கு இனி இந்தத் துறைப்பெயரைச் சொல்லலாம்.

21.04.2019, காலை 7.00

முதலில் கேள்வி கேட்ட வாசகர் மீண்டும் எழுதியிருக்கிறார். நான் பாட்டையும் பாட்டனையும் மட்டும் சான்றாகக் காட்டுவதாக அவருக்குக் குறை. சரி. 2015இல் தான்சானியாவின் ஹட்சா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே ஆகிய மின்விளக்கில்லாத மூன்று மக்கள் கூட்டங்களின் தூக்கத்தைக் கையில் கட்டும் கருவியால் அளந்து வெளியிட்டார்கள். அவர்கள் தூங்கிய நேரம் சராசரியாக ஆறு, ஏழு மணிநேரம், அதற்கு மேலில்லை. பொழுது சாய்ந்து மூன்று மணிநேரத்துக்கும் மேல் கழித்தே படுத்தார்கள், பெரும்பாலும் விடியுமுன் எழுந்தார்கள். இரண்டு தவணையாகப் பிரியும் வழக்கம் அவர்களிடம் தென்படவில்லை. வெப்ப மண்டலத்தையும் அதை ஒட்டிய நிலத்தையும் சேர்ந்தவர்கள் என்பதால் நம் இரவுக்கு இவர்களே நெருங்கிய உறவு. எகிர்ச் சொன்னது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அவர் சொன்னது அவர் பார்த்த நாட்டுக்குச் சரி.

12.05.2019, காலை 6.30

சோதனை முயற்சி ஒன்றைச் செய்தேன். மருதாணிப் பூவைத் தலையணைக்கு அடியில் வைத்தால் தூக்கம் வரும் என்று ஆச்சி சொல்வாள். கத்திரி வெயிலுக்கு மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்து, பாயை விரித்து, ஒரு கொத்துப் பூவைத் துணியில் முடிந்து வைத்துப் படுத்தேன். வாசனை நன்றாகத்தான் இருந்தது. எறும்புக்கும் அது நன்றாகவே இருந்திருக்கிறது. பதினொன்றரைக்குக் கீழே இறங்கிவிட்டேன்.

19.05.2019, அதிகாலை 2.35

விழிப்பு வந்துவிட்டது. ஆனால் இன்று நானாக விழிக்கவில்லை. ஊருக்கு வந்து தம்பி வீட்டில் தங்கியிருக்கிறேன். மும்முனை மின்சாரம் இப்போதுதான் வந்தது. தம்பி டார்ச்சை எடுத்துக்கொண்டு, "நீங்க படுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போயிருக்கிறான். தாத்தாவின் அதே கிணறு. திண்ணையில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், வாய்க்காலில் தண்ணீர் விழும் ஓசை கேட்கத் தொடங்கிவிட்டது.